தி பாக்ஸ் சேனல் பதிந்த பழைய விஎச்எஸ் கேசட்: எந்த வழியில் டிஜிட்டலாக்குவது?

1992 மார்ச்சில் பிரிட்டனின் கேபிள் இணைப்புகளில் வரத் தொடங்கிய இசைச் சேனல் தி பாக்ஸ். 2024 ஜூன் முடிந்ததோடு அதன் ஒளிபரப்பு நின்றது. நடுவில் பலமுறை கைமாறியது. ஸ்மாஷ் ஹிட்ஸ், கெராங், க்யூ பத்திரிகைகளை நடத்திய இமேப் குழுமம் அதை எடுத்துக்கொண்டது. 2007இல் சேனல் 4 பாதிப் பங்கை வாங்கியது. அடுத்த வருஷம் இமேப்பின் பங்கு ஜெர்மனியின் பாவர் குழுமத்துக்குப் போனது. 2019இல் சேனல் 4 முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்து, ஐந்து வருஷம் கழித்துத் தானே இழுத்து மூடியது. ஃபோர்மியூசிக், கிஸ், மேஜிக், கெராங் ஆகிய துணைச் சேனல்களும் கூடவே போய்விட்டன.

இன்று அந்தச் சேனலைத் தேடுபவர்களுக்கு வேண்டியது கடைசிக் காலத்து பாக்ஸ் இல்லை. அது எல்லாச் சேனலையும்போலப் பட்டியல் போட்டு ஓட்டியது. தேடுவது 90களின் பாக்ஸை. அப்போது நேயர்தான் பாட்டைத் தேர்ந்தெடுத்தார். திரையில் பாட்டுப் பெயர்களும் அவற்றின் குறியீட்டு எண்களும் ஓடும். 0891 என்று தொடங்கும் கூடுதல் கட்டணத் தொலைபேசி எண்ணுக்கு அடித்து, அந்தக் குறியீட்டை அழுத்தினால் பாட்டு வரிசையில் சேரும். மயாமியில் பிறந்த வீடியோ ஜூக்பாக்ஸ் நெட்வொர்க்கின் முறை இது. தேர்ந்தெடுப்பது சேனல் ஆசிரியரா, போன் பில் கட்டுகிறவரா என்ற கேள்விக்கு பாக்ஸ் வெளிப்படையாகவே பதில் சொல்லிவிட்டது.

அதன் பலம் தெரிய ஒரு உதாரணம் போதும். ஸ்பைஸ் கேர்ள்ஸின் 'வானபி' பிரிட்டனில் தனிப்பாட்டாகக் கடைக்கு வந்தது 1996 ஜூலை 8. அதற்குச் சில வாரங்கள் முன்பே வீடியோ பாக்ஸுக்குப் போயிருந்தது. போன இரண்டு மணி நேரத்துக்குள் நேயர் பட்டியலில் முதலிடம். அங்கேயே 13 வாரம். உச்சத்தில் வாரத்துக்கு 70 முறை வரை ஓடியது. கணக்குப் போட்டால் சராசரியாக 2 மணி 24 நிமிடத்துக்கு ஒரு முறை. ஆக, அந்தக் கோடையில் பதிந்த ஒரு E-180 கேசட்டில், அதாவது மூன்று மணி நேரத்தில், அந்தப் பாட்டு ஒரு தடவையாவது இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பாட்டுக்காகக் கேசட்டைக் காப்பாற்ற வேண்டியதில்லை. வீடியோவின் மூலப்பிரதி இசை நிறுவனத்திடம் இருக்கிறது. விஎச்எஸ்ஸை விடப் பல மடங்கு தெளிவாக இணையத்திலும் கிடைக்கிறது. கேசட்டில் மட்டும் இருப்பவை வேறு: ஓடும் பட்டியல், குறியீட்டு எண்கள், போன் எண், சேனல் முத்திரை, விளம்பரங்கள், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தது என்ற வரிசை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நேரடியாகப் பதிந்துவைத்த தொலைக்காட்சித் தொகுப்பு ஐடிவி, சேனல் 4, சேனல் 5 போன்றவற்றுக்கானது. கேபிள் சேனல்களுக்கு வீட்டுக் கேசட்தான் கதி. எந்த வழியில் டிஜிட்டலாக்குவது என்று தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: பாட்டைச் சுற்றியுள்ள எழுத்தும் ஓட்டமும் எந்த வழியில் கெடாமல் வரும்?

பாட்டு ஒரு வேகம், எழுத்து இன்னொரு வேகம்

பால் (PAL) என்பது பிரிட்டனின் டிவி முறை. அதில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு ஃபீல்டாக, ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியாக வரும். நொடிக்கு 50 ஃபீல்ட். இந்தப் பின்னல் முறைதான் இன்டர்லேஸ். பிரிட்டனில் எடுத்த இசை வீடியோக்களில் பெரும்பாலானவை ஃபிலிமில் 25 ஃப்ரேம் வேகத்தில் எடுத்தவை. அவற்றில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தின் படம். சேனல் அதன்மேல் ஏற்றிய ஓடும் எழுத்து அப்படியில்லை. அது நொடிக்கு 50 முறை நகர்கிறது. ஒவ்வொரு ஃபீல்டிலும் எழுத்து வேறு இடத்தில் நிற்கும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பாட்டை மட்டும் பார்த்து "25 ஃப்ரேமாக மாற்றினாலும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு செய்துவிடுவார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். கீழே ஓடும் பட்டியலோ சீப்புப் பல்போல வரிவரியாகப் பிளந்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்ததால் தத்தித் தத்தி நகரும். அப்புறம் குறியீட்டு எண் 3ஆ 8ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே முதல் விதி: கேப்சர் செய்யும்போது, அதாவது கணினியில் பதியும்போது, இன்டர்லேஸைக் கலைக்காமல் அப்படியே எடுக்க வேண்டும். கலைப்பது பிறகு, தனி வேலையாக.

இரண்டாவது, படத்தின் அடிப்பகுதி. விஎச்எஸ்ஸில் இரண்டு ஹெட்டுகள் மாறும் இடத்தில், கடைசிச் சில வரிகள் கோணலாகவும் கரகரவென்றும் இருக்கும். அந்தக் கால டிவியில் அது சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. டிஜிட்டலில் தெரியும். அழகுக்காக அதை வெட்டுகிற மென்பொருள், கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் எழுத்தின் அடியையும் சேர்த்து வெட்டிவிடலாம். மூலக்கோப்பில் எதையும் வெட்டாதீர்கள்.

மலிவான வழி: யூஎஸ்பி கேப்சர் குச்சி

விசிஆரிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர், மறுமுனையில் கணினி. செலவு மிகக் குறைவு. எழுத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இதுதான் மிக மோசமான தொடக்கமும்.

காரணம் விஎச்எஸ் சிக்னலின் நேரம் சீராக இருப்பதில்லை என்பது. டேப் இழுபடும்போது ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கும். பழைய டிவி அதைச் சகித்துக்கொள்ளும். மலிவுச் சிப் சகிக்காது. ஒத்திசைவு தப்பினால் ஃப்ரேமை விட்டுவிடும், ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாடகரின் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பாட்டுச் சேனலில் இது உடனே கண்ணில் படும். நிமிர்ந்து நிற்க வேண்டிய எழுத்து காற்றில் ஆடும் துணிபோல நெளிவதும் இதே காரணத்தால்தான்.

கூடவே வரும் மென்பொருள் பெரும்பாலும் நேராக எம்பி4 ஆக்கி, இன்டர்லேஸையும் தானே கலைத்துவிடும். சில, அமெரிக்க அமைப்பில் 720×480, 29.97 ஃப்ரேம் என்று தொடங்கும். பால் கேசட்டுக்கு 720×576, 25 என்று மாற்றாவிட்டால் படமே வராது, வந்தாலும் கறுப்பு வெள்ளையில் உருளும். குச்சிதான் கையில் இருக்கிறது என்றால் அதன் மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு விர்ச்சுவல்டப்பில் திறந்து, இழப்பில்லாத கோடெக்கில் (படத்தைச் சுருக்கும் முறை) எடுங்கள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியின் துளையில் நேரடியாகச் செருகுங்கள்.

இதைவிட மோசமானதும் ஒன்று உண்டு: ஏவி வயரை எச்டிஎம்ஐயாக மாற்றும் சின்ன டப்பா. அது இன்டர்லேஸைக் கலைத்து, 4:3 படத்தை அகலப்படுத்தி, பல நேரம் 60 ஹெர்ட்ஸில் வெளியே தள்ளும். 50இல் ஓடிய எழுத்து 60இல் இடறும். அதைப் பிறகு சரிசெய்யவும் வழியில்லை. வாங்க வேண்டாம்.

டிவிடி ரெக்கார்டர்

பலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். ஆனால் பாக்ஸ் கேசட்டுக்கு இது குச்சியை விட மேல். நல்ல டிவிடி ரெக்கார்டர்கள் உள்ளே வரும் வரிகளைச் சீர்படுத்தித்தான் பதியும், எழுத்து நெளியாது. ஒலி விலகாது. இன்டர்லேஸையும் அப்படியே வைத்திருக்கும்.

தரம் எக்ஸ்பி அமைப்பில்தான் இருக்க வேண்டும்: ஒரு 4.7 ஜிபி வட்டுக்கு ஒரு மணி நேரம். எஸ்பி என்றால் இரண்டு மணி. நான்கு மணி நேர எல்பி அமைப்பில் பல ரெக்கார்டர்கள் படத்தின் அகலத்தைப் பாதியாக்கிவிடும், சின்ன எழுத்து அழிந்துபோகும். எக்ஸ்பியிலும் ஒரு பலவீனம் உண்டு. டிவிடியின் சுருக்கமுறையான எம்பெக்-2க்குப் பிடிக்காதவை வேகமான வெட்டு, பளிச்சிடும் ஒளி, புகை. 90களின் நடனப் பாட்டு வீடியோ முழுக்க இந்த மூன்றும்தான். அந்த இடங்களில் கட்டம் கட்டமாக உடையும். பதிந்து முடித்ததும் வட்டை ஃபைனலைஸ் செய்ய மறக்காதீர்கள். செய்யாத வட்டைக் கணினி படிக்காது. அன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். எழுதிய டிவிடி பல வருஷம் தாங்கும் என்று நம்பி வைக்கிற பொருள் இல்லை.

டிஜிட்டல்8 கேம்கார்டர் வழியாக டிவி (DV) வகைக் கோப்பாக எடுப்பதும் இதே தரவரிசையில் வரும்: மணிக்கு 13 ஜிபி, ஒலி பிசகாது, ஆனால் இப்போதைய கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லை. சிவப்பு எழுத்துகளின் ஓரமும் கசியும்.

பெரும்பாலோருக்குச் சரியான வழி: எஸ்-விஎச்எஸ் டெக், இடையில் ரெக்கார்டர், இழப்பில்லாத கேப்சர்

பாகங்கள் இவை. எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-விஎச்எஸ் டெக். நடுவில் வரி சீர்படுத்த டைம் பேஸ் கரெக்டர். அதற்குப் பதிலாகப் பலரும் பயன்படுத்துவது பானசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10 அல்லது ஈஎஸ்15 ரெக்கார்டர். அதில் எதுவும் பதிய வேண்டாம், சிக்னல் அதன் வழியே கடந்து போனால் போதும். பிறகு எஸ்-வீடியோ உள்ளீடு உள்ள கேப்சர் அட்டை. இரண்டு எஸ்-வீடியோ வயர், ஒரு ஜோடி ஒலி வயர். விஎச்எஸ் டேப்பிலேயே ஒளியும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிந்திருக்கின்றன. மஞ்சள் வயரில் கலந்து அனுப்பினால் மறுமுனையில் மறுபடி பிரிக்க வேண்டும்; எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வது அதனால்தான். எஸ்-வீடியோவில் அந்தத் தொல்லை கிடையாது.

பிரிட்டிஷ் டெக்குகளில் ஸ்கார்ட் என்ற அகலமான ஐரோப்பிய இணைப்புத் துளைதான் முதலில் கண்ணில் படும். அதில் செருகும் அடாப்டரில் உள்ளே, வெளியே என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அது தப்பான பக்கம் இருந்தால் படமே வராது. டெக் கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டவர்களும் உண்டு. சாதாரண விஎச்எஸ் டெக்கின் ஸ்கார்ட் கலப்புச் சிக்னலைத்தான் தரும். ஸ்கார்ட்-எஸ்-வீடியோ வயர் வாங்கிச் செருகினால் கறுப்பு வெள்ளைதான் கிடைக்கும்.

கேப்சர் அமைப்பு: 720×576, 25 ஃப்ரேம், 4:2:2, கோடெக் ஹஃப்யுவ் அல்லது லாகரித். சுருக்காமல் எடுத்தால் மணிக்கு சுமார் 75 ஜிபி. இவற்றில் ஏறக்குறைய அதில் பாதிக்கும் கீழே. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 100 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் பாக்ஸின் வெள்ளை எழுத்து வரும் இடத்தில் ஒளியளவைப் பாருங்கள். எழுத்து உச்சத்தில் முட்டி நிற்கிறது என்றால் கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். முட்டிப்போன வெள்ளையில் எழுத்தின் ஓரம் திரும்பக் கிடைக்காது.

பிறகு இன்டர்லேஸைக் கலைக்க க்யூடிஜிஎம்சி என்ற நிரல். வெளியீடு 50 ஃப்ரேமாக இருக்க வேண்டும், 25 அல்ல. ஃபீல்ட் வரிசை சரியா என்று பார்க்கப் பாட்டைப் பார்க்காதீர்கள், ஓடும் எழுத்தைப் பாருங்கள்: ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும்போது எழுத்து ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று போனால் வரிசை தலைகீழ். கேப்சர் அட்டைகள் பெரும்பாலும் மேல் ஃபீல்டை முதலில் தரும். டிவி (DV) கோப்புகள் கீழ் ஃபீல்டை.

இந்த வழியின் குறை, பாகங்கள் எல்லாமே பழசு. டெக்கின் ரப்பர் உருளை தேய்ந்திருக்கும், கப்பாசிட்டர் வீங்கியிருக்கும். ஈஎஸ்10 படத்தைக் கொஞ்சம் மழுக்கவும் செய்யும். ஒரே டெக்கை நம்பி நூறு கேசட் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஆர்எஃப் கேப்சர்

டெக்கின் வெளியீட்டையே விட்டுவிட்டு, ஹெட்டிலிருந்து வரும் கச்சா சிக்னலைப் பதிந்து, மீதி வேலை முழுவதையும் விஎச்எஸ்-டிகோட் மென்பொருளில் செய்வது. வீடியோவுக்கு ஒரு இணைப்பு, ஹைஃபை ஒலிக்கு இன்னொன்று. இரண்டும் டெக்கின் உள்பலகையில் உள்ள சோதனைப் புள்ளிகளிலிருந்து. மூடியைக் கழற்ற வேண்டும், சால்டரிங் தெரிய வேண்டும். மின்வழங்கிப் பகுதியில் கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே மின்னூட்டம் நிற்கும்.

பழைய சிஎக்ஸ் சிப் டிவி அட்டையில் நொடிக்கு 28.6 மில்லியன் மாதிரி; எட்டு பிட்டில் மணிக்கு 103 ஜிபி. ஃப்ளாக் என்ற இழப்பில்லாத முறையில் சுருக்கினால் கணிசமாகக் குறையும். மூன்று மணி நேரக் கேசட்டில் 2,70,000 ஃப்ரேம். கணினி நொடிக்கு ஐந்து ஃப்ரேம் பிரித்தால் 15 மணி நேரம். வீடியோவுக்கும் ஒலிக்கும் தனித்தனி அட்டை போட்டால் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகாது. இரண்டையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டாவிட்டால் ஒலியைப் பிறகு கையால் இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கும்.

கிடைப்பது என்ன? வரிகள் மென்பொருளில் சீர்படுவதால் எழுத்து அசையாமல் நிற்கும். படத்துக்கு மேலே மறைந்திருக்கும் வரிகளும் சேர்ந்தே வரும். சேனல் டெலிடெக்ஸ்ட் (டிவி சிக்னலோடு மறைந்து வரும் எழுத்துப் பக்கங்கள்) அனுப்பியிருந்தால் அதன் பக்கங்களை மீட்கும் வாய்ப்பும் அங்கேதான் இருக்கிறது. மற்ற வழிகள் எல்லாம் அந்த வரிகளை வாசலிலேயே உதறிவிடும். டிகோட் மென்பொருள் நாளை மேம்பட்டால் அதே கச்சாக் கோப்பை மறுபடி பிரித்துக்கொள்ளலாம், கேசட்டைத் தொட வேண்டியதில்லை. என் தீர்ப்பு: வேறெங்கும் இல்லாத கேசட் என்று உறுதியானால் மட்டும் இது. எல்லாக் கேசட்டுக்கும் செய்யத் தொடங்கினால் பத்தாவது கேசட்டோடு வேலை நின்றுவிடும்.

கடையில் கொடுப்பதானால்

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: இன்டர்லேஸ் மாறாத மூலக்கோப்பு தருவீர்களா, கோடெக் எது, எஸ்-வீடியோவா மஞ்சள் வயரா, ஓரங்களை வெட்டுவீர்களா? "எம்பி4 தருவோம்" என்பது மட்டும் பதிலானால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். டிவி பதிவு என்றாலே சில கடைகள் பதிப்புரிமையைச் சொல்லித் திருப்பி அனுப்பும்.

எந்தக் கேசட்டுக்கு எது

இதை முடிவு செய்யக் கேசட்டின் காலம் தெரிய வேண்டும். லேபிளை நம்பாதீர்கள், மேலெழுதியிருப்பார்கள். இடையில் வரும் லண்டன் விளம்பரங்களின் தொலைபேசி எண்ணைப் பாருங்கள். 071 அல்லது 081 என்றால் 1995 ஏப்ரல் 16க்கு முந்தையது. 0171, 0181 என்றால் 90களின் நடு, பின் பகுதி. 020 என்றால் 1999க்கு இந்தப் பக்கம். லண்டன் முழுக்க அதற்கு மாறிய நாள் 2000 ஏப்ரல் 22. சேனலின் ஆரம்ப காலமான 071 கேசட் கிடைத்தால் ஆர்எஃப் வழிக்கு ஒதுக்குங்கள். 0171 காலத்துக்கு எஸ்-விஎச்எஸ் வழி போதும். 2000க்குப் பிந்தையதை டிவிடி ரெக்கார்டரில் எக்ஸ்பியில் எடுத்தாலே தப்பில்லை.

ராத்திரி முழுக்க ஓடவிட்டு, விசிஆரின் எல்பி வேகத்தில் (டேப் பாதி வேகத்தில் நகரும்) பதிந்த கேசட்டுகள் தனி ரகம். E-240இல் எட்டு மணி நேரம். டேப்பும் மெல்லியது, தடங்களும் பாதி அகலம். அவற்றைப் பதிந்த அதே டெக் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் ஓட்டிப் பாருங்கள், விலை உயர்ந்த டெக்கை விட அது நன்றாகத் தடம் பிடிப்பது சகஜம். ஹைஃபை டெக்கில் பதிந்ததா என்றும் பாருங்கள். ஹைஃபை ஒலி படத் தடத்தின் அடியிலேயே இருக்கும். மோனோ டெக்கில் ஓட்டினால் டேப்பின் ஓரத்தில் உள்ள மங்கலான ஒலி மட்டுமே வரும், எல்பியில் அது இன்னும் மோசம்.

எந்த வழியானாலும், ஓட்டும் முன் மூன்று வேலை. தவறி மேலெழுதாமலிருக்க, கேசட்டின் பதிவுக்கான சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். ஜன்னல் வழியாக டேப் சுருளில் வெள்ளைப் பூச்சு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சை, ஓட்டினால் ஹெட்டுக்கும் அதிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் போகும். குளிரான பரணிலிருந்து எடுத்ததென்றால் ஒரு நாள் அறையில் வைத்துவிட்டு, முழுதாக ஒரு முறை முன்னும் பின்னும் சுற்றுங்கள்.

பிரிட்டிஷ் சட்டம் வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவதை அனுமதிக்கிறது. இணையத்தில் ஏற்றுவதை அல்ல. பாட்டோடு முழு மூன்று மணி நேரத்தை யூடியூபில் போட்டால் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். பட்டியல், முத்திரை, விளம்பரத் துண்டுகளை மட்டும் வெட்டி ஏற்றுகிறவர்களும், பாட்டு வரிசையை எழுத்தாகத் தொகுத்து வெளியிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்றுவதானால் 576 வரியிலேயே ஏற்றாதீர்கள். யூடியூப் 720க்குக் கீழே 50 ஃப்ரேமைத் தராது, 25ஆகக் குறைத்துவிடும். 1440×1080ஆகப் பெரிதாக்கி, 50 ஃப்ரேமில் ஏற்றினால் ஓடும் பட்டியல் ஓடுகிறபடியே தெரியும்.